மேம்பாலத்தில் நிற்காத வண்டி

ரீட்டா அக்கா தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒரே ஓர் உதவி.

"அத்தானோட முதல் வருஷப் பூசை வருது. எல்லார் வீட்டுக்கும் நேர்ல போய் அட்டை குடுக்கணும். வண்டி ஷெட்டுலயே நிக்குது. நீ வந்து ஓட்டுறியா தம்பி?"

ஈப்போவில் முப்பது வருடம் விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என்னை யாராவது ஓட்டச் சொல்லிக் கேட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான உரிமத்தை எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் பிடித்த வெள்ளைக் காப்பித் தூளில் நான்கு பாக்கெட் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அபிராமபுரத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அக்கா ஈப்போவில் பிறந்தவள். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் மயிலாப்பூர்ப் பங்கைச் சேர்ந்த மரியதாஸ் அத்தானைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். பிள்ளைகள் இல்லை. அத்தான் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள்.

சென்னை நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். அந்த வாரம் முழுக்க என் உடம்பு ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுந்திருக்கும்போது எனக்கு வெயில் ஏறியிருக்கும். அவர்கள் காப்பி குடிக்கும் மாலையில் எனக்குக் கண் சொக்கும். நான் பார்த்த சென்னை ஒரு மெல்லிய துணிக்குப் பின்னால் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த வண்டி செய்த கூத்துகள்கூட எனக்கு முதலில் பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஷெட்டைத் திறந்தோம். வெள்ளி நிறத்தில் ஏழு பேர் உட்காரக்கூடிய உயரமான வண்டி. "ரெண்டு பேருக்கு எதுக்கு ஏழு சீட்டுன்னு கேட்டேன். யாராவது வருவாங்கன்னாரு" என்றாள் அக்கா. சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மாடி வீட்டுக்காரர் தன் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்து உயிர் கொடுத்தார்.

இன்ஜின் எழுந்தது. கூடவே மீட்டர் போர்டும் விழித்துக்கொண்டது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று இருக்கிற விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. டீசல் முள் நிறைவைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. நின்றுகொண்டிருந்த வண்டிக்கு வேக முள் எண்பது காட்டியது. பிறகு தூங்குகிறவன் கை நழுவுவதுபோல மெல்லக் கீழே சரிந்தது. நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டு தாமாகத் திறந்தன. எங்கிருந்தோ ஒரு மணி டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

முப்பது வருடம் மீட்டரைப் பார்த்தே ஓட்டிப் பழகியவன் நான். எண்ணெய் அழுத்தம் ஒரு கோடு இறங்கினால் சாலையோரம் நிறுத்திவிடுவேன். இந்த வண்டியில் எதை நம்புவது?

"அவர் இருந்தப்போ ஒரு நாளும் இது இப்படிப் பண்ணதில்ல" என்றாள் அக்கா. "வெள்ளம் வந்த வருஷம் இந்தத் தெருவுல எத்தனை வண்டி முழுகிச்சு தெரியுமா? இவரு காலையிலயே கிளப்பிட்டுப் போய் வேளச்சேரி மேம்பாலத்து மேல நிறுத்திட்டாரு. தண்ணி வடிஞ்சப்புறம்தான் எடுத்துட்டு வந்தாரு. ஒரு சொட்டுத் தண்ணி படல."

வெள்ளம் வந்தால் சென்னைக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையை அக்கா அடுத்த இரண்டு நாளில் இன்னும் மூன்று பேரிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

திங்கட்கிழமை மயிலாப்பூர். மாடவீதியில் ஊர்ந்துகொண்டிருந்தோம். கோயில் குளத்தின் மேல் வெயில் தகடாகக் கிடந்தது. இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டேன். இண்டிகேட்டர் எரியவில்லை, வைப்பர் ஆடத் தொடங்கியது. காய்ந்த கண்ணாடியில் கரக் கரக் என்று அது தேய்க்கிற சத்தம் கேட்டு, ஓரத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"இன்னா சார், வானம் பொளந்துக்கினு வெயில் அடிக்குது, உன் வண்டிக்கு மட்டும் மழை பேயுதா?"

"கரண்டு கோளாறும்மா."

"எனக்கும் அப்டி ஒரு மழை இட்டாந்து குடு. கோடி புண்ணியம் கெடைக்கும்."

அவரிடமே இரண்டு முழம் வாங்கினோம். வைப்பரை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஆட்டிக்கொண்டே அந்தத் தெருவைக் கடந்தோம். பூ வாசனையும், எங்கோ காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனையும், தலையாட்டுகிற வைப்பரும் சேர்ந்து என்னை மறுபடி சொக்க வைத்தன.

அக்காவோடு வேலை பார்த்த கமலா டீச்சர் வீடு அந்தப் பக்கம்தான். "வா ரீட்டா, உள்ள வாங்கோ. இப்பத்தான் டிகாஷன் எறங்கிண்டிருக்கு" என்று உட்கார வைத்தார். ஈப்போவில் நாங்கள் காப்பிக்கொட்டையை வெண்ணெய் போட்டு வறுப்போம். இங்கே அதே கொட்டை வேறு பிறவி எடுத்து வருகிறது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அட்டையை வாங்கிப் பார்த்த கமலா டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அவர் தம்பிக்குக் குடுத்தாச்சோ?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த வீட்டுக்கு நான் போறதில்ல கமலா. உனக்குத் தெரியாததா?"

எனக்கும் தெரியும். அத்தானின் தம்பி சேவியர் ஆதம்பாக்கத்தில் இருக்கிறார். அவர்களுடைய அம்மா ஒன்பது வருடம் அக்காவோடுதான் இருந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அக்கா. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்துக்காக அக்கா ஈப்போ வந்த இரண்டு வாரம் மட்டும் கிழவியைச் சேவியர் வீட்டில் விட்டிருந்தார்கள். அக்கா ஊர் திரும்பிய அன்று மாலை போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. மாலை ஆறு மணிக்குச் சேவியர் கூப்பிட்டு, அம்மா போய்விட்டார் என்றார். போய்ப் பார்த்தால் உடம்பு விறைத்துச் சில்லிட்டிருந்தது. உயிர் மத்தியானமே போயிருக்கும் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னார். அரை நாள் தனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள், கடைசி நேரத்தில் தான் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றே செய்தார்கள் என்று அக்கா அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அத்தானின் அடக்கத்தன்று சேவியர் கல்லறைத் தோட்டத்து வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை தி. நகர். அங்கே ஆறுமுகம் அண்ணாச்சிக்கு ஒரு சேலைக் கடை. திருநெல்வேலிக்காரர், அத்தானின் நண்பர். கடைக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போது மீட்டர் போர்டு மொத்தமாக அணைந்தது. அடுத்த நொடி இன்ஜினும் நின்றது. உஸ்மான் சாலையின் நடுவில், காலை பதினொரு மணிக்கு.

அந்தச் சாலையில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது. பின்னால் அத்தனை ஹார்னும் ஒன்றாக எழுந்தன. எங்கள் ஊரில் ஹார்ன் அடித்தால் சண்டை என்று பொருள். இங்கே அது ஒரு பேச்சுவழக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இரைச்சல் கடலாகி எங்களைச் சுற்றி வழிந்து போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே சேலைப் பைகளும், கொய்யாக்காய்க் கூடையும், மிதக்கிற பலூன்களும் கடந்தன. மூடிய கண்ணாடிக்குள் அக்கா மடியில் அட்டைகளை அடுக்கி வைத்தபடி சாந்தமாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சிக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடை ஆட்கள் நான்கு பேரோடு வந்தார்.

"டீச்சர், நீங்க எறங்காதீய, வெயிலு. ஏல, ரெண்டு பேரு அந்தப் பக்கம் போங்கல. மெதுவா, மெதுவா!"

தள்ளிக்கொண்டுபோய் அவர் கடைச் சந்தில் நிறுத்தினார்கள். எங்களுக்கு மோர் வந்தது. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். அதைக் குடித்தபோதுதான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

"கம்பெனிக்குத் தகவல் சொல்லணும் அண்ணாச்சி" என்றேன்.

"அங்க விட்டா மொத்த வயரிங்கையும் மாத்தணும்பான், ஒரு மாசம் ஆகும்பான். பூசை சனிக்கிழமல்லா? சிந்தாதிரிப்பேட்டைல கரீம் பாய்னு ஒருத்தர் இருக்காரு. சாரு இந்த வண்டிய அவருகிட்டத்தானே கொண்டு போவாரு?"

அக்கா நிமிர்ந்தாள். "இல்லையே அண்ணாச்சி. அவர் எப்பவும் கம்பெனி சர்வீஸ்தான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிறகு மோர் டம்ளரைப் பார்த்தார். "எனக்குச் சரியா நெனப்பு இல்ல டீச்சர்" என்றார். அவருக்கு நன்றாக நினைவிருந்தது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

புதன்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை போனோம். கூவத்தின் வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சைக்கிள் போகவே இடம் பார்க்கிற தெரு. ஒரு கடையில் கண்ணாடி மீன் தொட்டிகள். அடுத்ததில் அச்சு இயந்திரம். அதற்கடுத்து ஒற்றை ஷட்டர் கடை. வாசலில் தொங்கிய வயர்க் கட்டுகள் காற்றில் கொடிபோல ஆடின. கரீம் பாய் அறுபது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அட, நம்ம வாத்தியார் வண்டி! வாத்தியார் எங்க?"

"போயிட்டாரு பாய்" என்றாள் அக்கா. "ஒரு வருஷம் ஆகப் போகுது. நான் அவர் வீட்டுக்காரி."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு அக்காவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லியனுப்பினார். டிரைவர் சீட்டைக் கழற்றினார். தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டை உரித்தார். கீழே தகரத்தில் மங்கலாக ஒரு சாம்பல் படிவு தெரிந்தது. கதவோரம் போன வயர்க் கட்டைப் பிரித்து, வயர்கள் ஒன்றோடொன்று சேருகிற ஒரு கப்ளரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பித்தளைக் கால்கள் எல்லாம் பாசிபோலப் பச்சை பூத்திருந்தன.

"பாரு சார். எர்த் போயிருச்சு. கரண்ட்டு வந்தா திரும்பிப் போக வழி வேணும். அது இல்லாங்காட்டி அடுத்த வயர் வழியா பூந்து போவும். அதான் நீ இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஆடுது. நான் அப்பவே வாத்தியார்கிட்ட சொன்னேன், தண்ணில முழுகுன வண்டி, வருஷா வருஷம் கொண்டாந்து காட்டுன்னு. அவரு கரெக்ட்டா வருவாரு."

"தண்ணியில முழுகல பாய்" என்றாள் அக்கா. "வெள்ளத்தப்போ இது மேம்பாலத்து மேல நின்னுச்சு."

பாய் கையில் கப்ளரோடு அப்படியே நின்றார். "அம்மா, வாத்தியார் உன்னாண்ட சொல்லவே இல்லியா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

"இந்த சீட்டு வரைக்கும் தண்ணி நின்ன வண்டிம்மா இது. வேளச்சேரி பக்கத்துலேர்ந்து கட்டி இஸ்துக்கினு வந்தாரு. நாலு நாளு எல்லாத்தையும் கழட்டி மொட்டை மாடில காய வெச்சோம். இன்னா வாத்தியாரே, படிச்ச ஆளு, வண்டிய தண்ணில எறக்கலாமான்னு கேட்டேன். தம்பி இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆதம்பாக்கத்துல கீழ் வூட்ல படுத்துக்கினு கீறான், மாடி ஏற முடியாது, படுக்கை வரைக்கும் தண்ணி வந்துருச்சு, நான் போவாம யாரு போவான்னாரு. வூட்ல மட்டும் சொல்லாதன்னாரு."

தெருவில் ஒரு தள்ளுவண்டி போக வழி கேட்டது. பாய் ஓரமாக நகர்ந்து வழி விட்டார். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து போய் வண்டியின் தரையில் இருந்த சாம்பல் படிவைத் தொட்டாள். விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள். நயமான மண். மாவுபோல இருந்தது.

"நாலு நாள்" என்றாள் என்னிடம். "நாலு நாளும் வண்டி பாலத்து மேலயே இருக்கட்டும், தண்ணி வடியட்டும்னு சொன்னாரு. நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

வேலைக்கு இரண்டு நாள் கேட்டார் பாய். திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க அக்கா விரலில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கோபமா, துக்கமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கோ செத்துப்போன மனிதர் மேல் ஒரு பொறாமை வந்தது. என் மனைவியிடம் ஒரு மணி நேரம்கூட என்னால் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

வியாழக்கிழமை அடையாறு. இரண்டு வீட்டில் அட்டை கொடுத்துவிட்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாலை ஐந்து மணி. எங்கள் பக்கத்துப் பினாங்குக் கடல் ஏரி மாதிரி சும்மா கிடக்கும். இந்தக் கடல் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. மணலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். பட்டங்கள், குதிரை, சோளம் சுடுகிற புகை. எல்லாவற்றின் மேலும் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம். என் உடம்பின் கணக்கில் அது இருட்டிவிட்ட வேளை. இமை தானாக இறங்கியது.

"தம்பி" என்றாள் அக்கா. "ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு."

"கேளுக்கா."

"அன்னிக்குக் காலையில அவர் என்கிட்ட வந்து, சேவியர் தண்ணியில மாட்டிக்கிட்டான், நான் போறேன்னு சொல்லியிருந்தா, நான் தடுத்திருப்பேனா?"

அலை ஒன்று வந்து திரும்பிப் போகும்வரை யோசித்தேன். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல பொய் இருந்தது.

"தடுத்திருப்பக்கா."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஆமா" என்றாள். "வேற வண்டி போகும், படகு வரும், நீங்க எதுக்குன்னு கேட்டிருப்பேன். அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னை ஒரு பாவத்துலேருந்து காப்பாத்திட்டுத்தான் போயிருக்காரு." கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் சொல்லியிருக்கலாம் மனுஷன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி தயார். பாய் சாவியைத் திருப்பிக் காட்டினார். விளக்குகள் எல்லாம் ஒரு கணம் எரிந்து ஒழுங்காக அணைந்தன. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர் எரிந்தது. அது எனக்கு ஓர் அதிசயமாகவே பட்டது.

"ஸ்பீடு முள்ளு மட்டும் வேலை செய்யாது சார். அதுக்கு சாமான் வரணும். நீ பஸ்ஸு ஓட்னவன், உனக்குத் தெரியாததா. சத்தத்த கேட்டு ஓட்டு."

அக்கா ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டாள். "ஆதம்பாக்கம் போ" என்றாள்.

கிண்டி தாண்டினதும் மேகம் கூடியது. ஒரு நிஜமான மழை மெல்லத் தூறத் தொடங்கியது. வைப்பரைப் போட்டேன், ஆடியது. வேக முள் பூஜ்யத்தில் படுத்திருக்க, ஈரச் சாலையில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று தெரியாமல் போவதில் ஒரு மிதப்பு இருந்தது. மரங்களும் கடைப் பலகைகளும் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல நெளிந்து நகர்ந்தன. இந்தச் சாலையெல்லாம் ஆறாக இருந்த அன்று அத்தான் இதே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார் என்று நினைத்தேன். அக்காவும் அதையே நினைத்திருக்க வேண்டும். "மெதுவாப் போ" என்றாள். நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சின்னத் தெரு. பச்சைக் கதவு. இன்ஜின் சத்தம் கேட்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். சேவியரின் மனைவி ஸ்டெல்லா. வண்டியைப் பார்த்தார், இறங்கின அக்காவைப் பார்த்தார். "அண்ணி" என்றார். உள்ளே திரும்பி, "என்னங்க, அண்ணி வந்திருக்காங்க" என்று கூவினார்.

சேவியர் வாக்கரை ஊன்றி ஊன்றி வந்தார். அத்தானின் அதே நெற்றி. உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றார். நாங்களாக உட்கார்ந்தோம்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. பதினோரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

சேவியருக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரில் ஜன்னல் விளிம்புக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டினார். "கட்டில் மெத்தை நனைஞ்சப்போ அண்ணன் உள்ள வந்தாரு அண்ணி. மார்பு வரைக்கும் ஈரம். என்னைக் குழந்தை மாதிரித் தூக்கிப் பின் சீட்டுல படுக்க வெச்சாரு. ஸ்டெல்லா முன்னாடி உக்காந்தா. நாலு தெரு தாண்டினதும் வண்டி நின்னுடுச்சு. மூணு மணி நேரம் உள்ளயே இருந்தோம். மீட்டர்ல எல்லா விளக்கும் எரிஞ்சு எரிஞ்சு அணையுது, ஹார்ன் தானா அடிக்குது. இவ ஜெபமாலை சொல்லிக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு டிராக்டர் வந்து இழுத்துச்சு."

"மூணு மணி நேரம் என்ன பேசுனாரு?"

"உங்க மீன் குழம்பப் பத்தி" என்றார் சேவியர். "வீட்டுக்குப் போனதும் சூடா சாப்பிடணும்னாரு. எனக்குக் கொண்டுவந்து தர முடியாதேன்னு வருத்தப்பட்டாரு."

அக்காவிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறொன்றாக மாறியது. ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு அக்கா கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் எனக்குச் சொல்லல சேவியர்? அம்மா மத்தியானமே போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் ஏன் மறைச்ச?"

சேவியர் வாக்கரின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். வெளியே ஓட்டிலிருந்து சொட்டுகிற மழை கேட்டது.

"மறைக்கல அண்ணி. எனக்கே தெரியல." அவர் குரல் மிகவும் தணிந்துபோனது. "தூங்கறாங்கன்னு நெனச்சேன். கஞ்சி குடிச்சுட்டுக் கண்ண மூடினாங்க. இவ வேலைக்குப் போயிருந்தா, பக்கத்துலதான் நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லாத் தூங்கட்டும், சாயங்காலம் அண்ணி வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு டிவி சத்தத்தக் கொறச்சேன். பக்கத்து வீட்ல ஆணி அடிச்சாங்க, போய் அப்புறம் அடிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சே முக்காலுக்கு எழுப்பப் போனப்போதான் தொட்டேன். பெத்த தாய் பக்கத்துல உக்காந்து, செத்துப்போனது தெரியாம இருந்தேன்னு யார்கிட்ட சொல்லுவேன் அண்ணி? நீங்க நெனச்சதே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஸ்டெல்லா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். அவருக்கும் இது புதிது என்று பார்த்தாலே தெரிந்தது.

அக்கா எழுந்து போய் சேவியரின் பக்கத்தில் நின்றாள். தோளில் கை வைத்தாள்.

"அம்மா தூங்கினா அப்படித்தான் இருப்பாங்க" என்றாள். "நானும் எத்தனையோ நாள் மூக்குல விரல் வெச்சுப் பார்த்திருக்கேன். நானா இருந்தாலும் தூங்கறாங்கன்னுதான் நெனச்சிருப்பேன்."

சேவியர் தலையைக் குனிந்து அழுதார். அறுபது வயது மனிதர் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று நான் வாசலுக்கு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மழை விட்டிருந்தது. உள்ளே காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து அக்கா வாசலுக்கு வந்தாள். பின்னால் வந்த சேவியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணி, பூசைக்கு எனக்கு அட்டை..."

"உனக்கு எதுக்கு அட்டை? வர்றவங்கள வாசல்ல நின்னு நீதான் கூப்பிடணும். ஆறு மணிக்கே வந்துடு."

திரும்பும் வழியில் பட்டினப்பாக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். மீன் கடைகளில் அப்போதுதான் விளக்கு போட்டிருந்தார்கள். கடல் காற்றில் நின்று ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, இரண்டு பெரிய சங்கரா வாங்கினாள்.

சனிக்கிழமை காலை சேவியர் ஐந்தரைக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பழைய கோட்டு. வாக்கரோடு பங்குக் கோயில் வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்றார். கமலா டீச்சர் அவரைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி, "நல்லாருக்கீயளா?" என்று தோளைத் தட்டினார். கரீம் பாய் தொப்பியோடு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். அக்கா முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்திருந்தாள். கோயில் நிறைந்துகொண்டே வந்தது. ஓர் அம்மாள் வந்து, இடம் காலியா என்று கேட்டதற்கு, ஆள் வருது என்றாள்.

நடுப்பாதையில் வாக்கரின் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் பக்கத்தில் வந்து நின்றதும், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.